அடுத்த பெருந்தொற்றுக்கு வார்டைத் தயார் செய்வது எப்படி: செவிலியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெருந்தொற்றுக்குத் தயாராக இருக்கிறோமா என்று கேட்டால் நிர்வாகம் முதலில் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்க்கும். எத்தனை பிபிஇ கிட், எத்தனை மாஸ்க், எத்தனை சிலிண்டர் என்று எண்ணும். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் 2020-லும் 2021-லும் கோவிட் வார்டுக்குள் நின்றவர்களிடம் கேளுங்கள், வேறு கணக்கு சொல்வார்கள். கிட் வந்தும் அதைச் சரியாகக் கழற்றத் தெரியவில்லை. சிலிண்டர் இருந்தும் நடு இரவில் அதை மாற்ற ஆள் இல்லை. ஆட்கள் இருந்தும் ஒரே டூட்டியில் எல்லோரும் புதியவர்கள். ஸ்டோரில் இருந்ததை விட டூட்டி லிஸ்டிலும், டூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரிலும், கைப்பழக்கத்திலும்தான் ஓட்டை அதிகம் இருந்தது. அவை நம் கைக்கு எட்டுகிற விஷயங்கள். இங்கே எழுதியிருப்பது அவற்றைப் பற்றித்தான்.

நமக்குக் கிடைக்கும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் உறுதியானார். தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7 அன்று. நடுவில் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் உங்கள் வார்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். அதனால் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை சாதாரண நாட்களில் செய்து வைக்க வேண்டியவை.

படி 1: முதல் நோயாளி லேபிள் ஒட்டிக்கொண்டு வரமாட்டார்

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா பரவியது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் ஆரம்ப நோயாளியைக் கவனித்தவர் செவிலியர் லினி. அவர் அந்தக் காய்ச்சல் நோயாளியின் அருகில் நின்றபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. மே 21 அன்று அவர் இறந்துவிட்டார். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் மிகவும் நடைமுறையானது: நோயின் பெயர் தெரிந்த பிறகு பாதுகாப்பைத் தொடங்கினால், முதலில் தொட்டவருக்கு அது உதவாது.

ஆகவே காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும் ஒவ்வொருவருக்கும், இன்றைக்கும், இதைச் செய்யுங்கள். ஓ.பி. வாசலிலேயே அவருக்கு ஒரு மாஸ்க் கொடுங்கள். கூட்டத்துக்கு நடுவில் பெஞ்சில் உட்கார வைக்காமல் சன்னல் பக்கமாகத் தனியாக உட்கார வையுங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள், வீட்டிலோ வேலையிலோ வேறு யாருக்காவது இதே மாதிரி இருக்கிறதா, என்ன வேலை செய்கிறீர்கள். பதிலை ஓ.பி. சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வாயால் கேட்டு விட்டுவிட்டால் அடுத்த டூட்டிக்கு அது போய்ச் சேராது.

கைகழுவுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன்: சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நாம் பெரும்பாலும் ஐந்து விநாடியில் முடித்துவிடுகிறோம்.

படி 2: உங்கள் உடம்பு, வீடு, காகிதங்கள்

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா? 0, 1, 6 மாதம் என்ற கணக்கில் மூன்றாவதை மறந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். போட்டு முடித்த தேதியை ஒரு இடத்தில் எழுதி வையுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கர்ப்பம் போன்றவற்றை மறைக்காமல் இன்சார்ஜ் சிஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். யார் உள்ளே போகக்கூடாது என்ற பட்டியல் அமைதியான நாளில் போடப்பட வேண்டும். நெருக்கடியில் போட்டால் அது சண்டையாகவே முடியும்.

வீட்டில் பேச வேண்டியவை: குழந்தையை யார் பார்ப்பது, வயதானவர்களுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது, நீங்கள் பத்து நாள் வீட்டுக்கு வரமுடியாவிட்டால் கையில் பணம் இருக்கிறதா. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசி வைப்பது நல்லது. 2020-ல் டூட்டி முடித்து வந்த செவிலியரைத் தெருவுக்குள் விடமாட்டோம் என்று தகராறு செய்தவர்கள் உண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தார்கள். பயம் வந்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தயாராக இல்லாமல் இருக்க முடியாது.

காகிதங்கள்தான் பலர் கோட்டைவிட்ட இடம். 2020 மார்ச் 30 முதல், கோவிட் பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு காப்பீடு அறிவித்தது. ஒப்பந்தப் பணியாளர்களும் அதில் அடக்கம். ஆனால் அந்த நபர் கோவிட் பணியில்தான் இருந்தார் என்று நிறுவனம் சான்று தர வேண்டும். எந்த டூட்டி லிஸ்டில் பெயர் இருந்தது, எந்தத் தேதியில் எந்த வார்டு என்பது வாய்மொழியாகவே நடந்த இடங்களில் குடும்பத்தார் என்ன செய்வார்கள்? ஆகவே பணி ஆணை, அடையாள அட்டை, நர்சிங் கவுன்சில் பதிவு, வங்கிக் கணக்கு நாமினி, ஒவ்வொரு வார டூட்டி லிஸ்டின் போட்டோ, எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். வார்டு மாற்றம் போனில் சொல்லப்பட்டால், “இன்று முதல் இந்த வார்டு, சரிதானே சிஸ்டர்?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு வரி ஆவணமாகிவிடும்.

படி 3: வார்டில் கோடு போடுங்கள், காற்றைப் பாருங்கள்

வார்டின் வரைபடத்தை ஒரு வெள்ளைத் தாளில் கையால் வரையுங்கள். சுத்தமான பகுதி எது, நோயாளிப் பகுதி எது, கிட் போடும் இடம், கழற்றும் இடம். போடும் வழியும் கழற்றும் வழியும் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. நம் பழைய கட்டிடங்களில் ஒரே வாசல்தான் இருக்கும். அப்படியானால் நேரத்தைப் பிரிக்க வேண்டும்: உள்ளே போகிறவர்கள் போய் முடித்த பிறகே வெளியே வருகிறவர்கள் கழற்ற ஆரம்பிக்கலாம். தரையில் சிவப்பு டேப் ஒட்டுவது அலங்காரம் மாதிரி தெரியும். களைத்துப்போன விடியற்காலையில் அந்த டேப்தான் காலை நிறுத்தும்.

காற்றைப் பற்றி யாரும் நர்ஸிடம் கேட்பதில்லை. ஆனால் சன்னலைத் திறப்பதும் மூடுவதும் நாம்தான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப விடும். இருமும் நோயாளிகள் இருக்கும் மூடிய ஏசி அறை மிக மோசமான ஏற்பாடு. எதிரெதிர் சன்னல்களைத் திறந்து, ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும்படி வைத்தால் பெரிய செலவில்லாமல் நிலைமை மாறும். உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டத்தில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று மாற வேண்டும் என்கிறது. ஆவி, துளிகள் பறக்கும் சிகிச்சைகள் நடக்கும் இடத்தில் 160 லிட்டர். அளந்து பார்க்கக் கருவி இல்லாவிட்டாலும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஆக்சிஜன் ஓடாத காலி வார்டில் மட்டும், புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம். புகை நர்ஸ் மேசையை நோக்கி வந்தால் மேசையை மாற்றுங்கள். தாம்பரம் சானடோரியம் போல 1920-களில் காசநோய்க்கென்று கட்டியவர்கள் திறந்த காற்றையே மருந்தாக நம்பியவர்கள். உயர்ந்த கூரை, அகலமான சன்னல் என்ற அந்த அறிவைத்தான் ஏசி போட்டு மூடிவிட்டோம்.

படுக்கைகளுக்கு நடுவே குறைந்தது ஒரு மீட்டர். முடிந்தால் இரண்டு.

தரைக்கு 1% ஹைப்போகுளோரைட். கேனில் 5% என்று போட்டிருந்தால் ஒரு பங்கு மருந்துக்கு நான்கு பங்கு தண்ணீர். துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். உடனே காயவைத்தால் வேலை நடக்காது. அப்புறம் ஒன்று, மனிதர்கள் மீது தெளிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் கிருமிநாசினிச் சுரங்கங்கள் ஊர் ஊராக முளைத்தன. சில நாட்களிலேயே அது வேண்டாம் என்று பொது சுகாதாரத் துறையே சொல்ல வேண்டி வந்தது.

படி 4: போடுவது எளிது, கழற்றுவதுதான் வேலை

முதலில் ஒரு கருத்து. பலர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உடம்பு முழுக்க மூடும் ‘கவரால்’ (coverall) என்ற அந்த வெள்ளை உடை எல்லாத் தொற்றுக்கும் தேவையில்லை. கோவிட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்டது நீளக்கை கவுன், கையுறை, கண்பாதுகாப்பு, தகுந்த மாஸ்க். கவரால் எபோலா போன்ற, உடல் திரவங்கள் மூலம் பரவும் நோய்களில் அதிகம் பயன்படுவது. நாம் அதைப் போட்டதில் பாதி மனத்தைரியத்துக்காக. விலை என்ன கொடுத்தோம்? அக்னி நட்சத்திர வெயிலில், ஏசியையும் நிறுத்திய வார்டில், வியர்வை ஷூவுக்குள் தேங்க நின்றோம். கழற்றும்போது கவுனைவிடக் கவரால் கடினம். ஜிப் கழுத்துக்குக் கீழே தொடங்குகிறது, கை முகத்துக்குப் பக்கத்தில் போகிறது. அடுத்த முறை நோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்டுவிட்டு உடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாமே வாதாட வேண்டும்.

எது போட்டாலும் என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டும். இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிப் பிடித்து வேகமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணருகே காற்று வந்தால் மூக்குக் கம்பியைச் சரிசெய்யுங்கள், கன்னத்தில் வந்தால் ரப்பரை. ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். தாடி வைத்த ஆண் செவிலியர்களுக்கு மாஸ்க் ஒட்டாது. சொல்லச் சங்கடப்பட வேண்டாம். சிறிய முகம் உள்ளவர்களுக்குப் பொது அளவு பெரிதாக இருக்கும். ஸ்டோருக்குத் தேவைப்பட்டியல் எழுதும்போது சிறிய அளவையும் சேர்த்து எழுதுங்கள். வளையல், மோதிரம், கம்மல், தலையில் பூ, எல்லாம் லாக்கரில். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்சட்டைக்குள் பின் செய்து கொள்ளுங்கள்.

உள்ளே போவதற்கு அரைமணி முன்பே தண்ணீர் குடித்து, கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள். தண்ணீரே குடிக்காமல் போவதுதான் அப்போது எல்லோரும் கண்டுபிடித்த வழி. சிறுநீர்த் தொற்றும் மயக்கமும்தான் மிச்சம். மாதவிடாய் நாட்களில் உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைக்கும்படி கேட்பது உரிமை. அதை டூட்டி லிஸ்ட் போடும்போதே ஏற்றுக்கொள்ளும் இன்சார்ஜ் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கவராலில் முன்னும் பின்னும் மார்க்கரால் பெயர் எழுதுங்கள். நோயாளிக்கு முகம் தெரியாது. பெயர் தெரிந்தால் “யாருமா அது?” என்று பயப்படாமல் “சிஸ்டர்” என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

இனி கழற்றுவது. எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கழற்ற, இன்னொருவர் தள்ளி நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

1. கையுறை. வெளிப்பக்கம் வெறும் தோலில் படாமல் உருட்டிக் கழற்றுங்கள். கையில் சானிடைசர்.
2. கவுன். பின்முடிச்சை அவிழ்த்து, உட்புறம் வெளியே வரும்படி உடம்பிலிருந்து தள்ளிச் சுருட்டுங்கள். கையில் சானிடைசர்.
3. கண்ணாடி அல்லது ஃபேஸ் ஷீல்டு. பின்பக்க ரப்பரைப் பிடித்து முன்னே எடுங்கள். முன்பக்கத்தைத் தொடாதீர்கள். கையில் சானிடைசர்.
4. நோயாளிப் பகுதியை விட்டு வெளியே வாருங்கள்.
5. மாஸ்க் கடைசியில். கீழ் ரப்பர் முதலில், மேல் ரப்பர் பிறகு. குனிந்து கொண்டு எடுத்தால் மாஸ்க் உடம்பில் படாது.
6. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுங்கள்.

சில மருத்துவமனைப் பட்டியலில் கண்ணாடி இரண்டாவதாக இருக்கும். உங்கள் இடத்து வரிசையையே பின்பற்றுங்கள். ஆனால் மாஸ்க் வெளியே வந்த பிறகுதான், அதுவும் கடைசியில்தான் என்பது எங்கும் மாறாது.

மாஸ்க், தொப்பி, துணி கவுன் மஞ்சள் பையில். கண்ணாடி, ஃபேஸ் ஷீல்டு, கையுறை, பிளாஸ்டிக் கவரால் சிவப்புப் பையில். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோவிட் காலத்தில் கொடுத்த பிரிவு இது. பையைக் கட்டி எடுத்துப்போகும் தூய்மைப் பணியாளருக்கும் இதே பயிற்சியும் இதே மாஸ்க்கும் கொடுங்கள். அவரை விட்டுவிட்டு நாம் மட்டும் பத்திரமாக இருக்க முடியாது.

கையுறை பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு அதன் மேலேயே சானிடைசர் தடவி அடுத்தடுத்த நோயாளிகளிடம் போனோம். அது நம்மைக் காப்பாற்றியது. ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளியின் கிருமியை இன்னொருவரின் பெரிய ரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைனுக்குக் கொண்டு போனதும் அதே கையுறைதான். வெளிக் கையுறையை நோயாளிக்கு நோயாளி மாற்றியே ஆக வேண்டும்.

படி 5: ஆக்சிஜன் கணக்கு

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-ஐத் தாண்டித் தொற்று பதிவானது. சென்னையில் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன, அதற்குள்ளேயே ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் கற்றுக்கொடுத்த கணக்கை ஒவ்வொரு செவிலியரும் தாளும் பேனாவும் இல்லாமல் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் ஜம்போ என்று சொல்லும் டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் வாயு இருக்கும். சிறிய பி டைப்பில் சுமார் 1,500 லிட்டர். இதை நிமிட ஓட்டத்தால் வகுத்தால் எத்தனை நிமிடம் வரும் என்று தெரியும். 10 லிட்டர் ஓட்டத்தில் ஜம்போ 700 நிமிடம், அதாவது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பி டைப் 150 நிமிடம், இரண்டரை மணி. 15 லிட்டரில் பி டைப் 100 நிமிடம்தான். நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பும்போது இது மனதில் இருக்க வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரமும் ஸ்கேன் வரிசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மீட்டர் முள் பாதியில் இருந்தால் நேரமும் பாதி.

இப்போது வார்டு முழுவதற்கும். எட்டுப் பேர் 5 லிட்டரில், ஆறு பேர் 10 லிட்டரில், இரண்டு பேர் 15 லிட்டரில் என்று வைத்துக்கொள்வோம். 40, 60, 30 கூட்டினால் நிமிடத்துக்கு 130 லிட்டர். மணிக்கு 7,800. அதாவது ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஜம்போவுக்கு மேல். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை 93,600 லிட்டர். பதினான்கு சிலிண்டர். மாலை ஹேண்ட்ஓவரில் இந்தக் கூட்டலைப் போட்டு, “இன்று இரவுக்கு 14 வேண்டும், இருப்பது 9” என்று எட்டு மணிக்கே சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். இரண்டு மணிக்குச் சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

மூக்கு வழியாக அதிக வேகத்தில் ஆக்சிஜன் தரும் ஹை ஃப்ளோ நேசல் இயந்திரம் 60 லிட்டரில், முழு ஆக்சிஜனில் ஓடினால் மணிக்கு 3,600 லிட்டர் குடிக்கும். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டரில் இருக்கும் நான்கு நோயாளிகளுக்குச் சமம். இயந்திரம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன், குழாயில் அந்த அளவு வருமா என்று கேளுங்கள்.

சேமிப்பும் நம் கையில்தான். சாப்பிடும்போதும் கழிவறைக்குப் போகும்போதும் கழற்றி வைத்த மாஸ்க்கில் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். பை உப்பாத மாஸ்க், தலைக்குப் பின்னால் ரப்பர் தளர்ந்த மாஸ்க், நசுங்கிய ட்யூப், ஈரமாக்கி பாட்டிலின் மூடி சரியாக மூடாதது. ரத்த ஆக்சிஜன் 96 சதவீதத்துக்கு மேல் காட்டும் நோயாளிக்கு 10 லிட்டர் ஓட வேண்டியதில்லை. கோவிட்டுக்கு இந்திய வழிகாட்டுதல் வைத்த இலக்கு 92 முதல் 96 சதவீதம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு 88 முதல் 92. டாக்டரிடம் இலக்கைக் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிட்டால், அந்த எல்லைக்குள் குறைப்பதற்கு ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டியதில்லை. மேலே சொன்ன வார்டில் நான்கு பேரை 10-லிருந்து 7-க்குக் குறைத்தால் ஒரு இரவில் 8,640 லிட்டர் மிஞ்சும், ஒரு ஜம்போவுக்கு மேல். மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் இதற்கென்றே ‘ஆக்சிஜன் நர்ஸ்’ என்று ஆட்களை நியமித்தார்கள். நம் வார்டிலும் டூட்டிக்கு ஒருவருக்கு அந்தப் பொறுப்பைப் பெயர் எழுதிக் கொடுக்கலாம். அரசாணை தேவையில்லை.

படி 6: நோயாளியைப் பார்ப்பது

விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். குளிர்ந்த கை, மருதாணி, நகப்பூச்சு எல்லாம் அதைக் குழப்பும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது அவசரப் பழக்கம். கோவிட்டில் 24-ஐத் தொட்டால் மிதமான நிலை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். போனில் பேசிக்கொண்டே, டிபன் கேட்டுக்கொண்டே, 84 சதவீதத்தில் இருந்த நோயாளிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் நன்றாகப் பேசுகிறார் என்பது அளவீடு ஆகாது.

குப்புறப் படுக்க வைப்பதற்கு மருந்துச் செலவில்லை, ஆனால் ஆள் செலவு உண்டு. விழிப்புடன் இருக்கும் நோயாளிக்கு அரை மணி முதல் இரண்டு மணி வரை ஒரு பக்கம், பிறகு மாற்றம். மார்புக்குக் கீழ் ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழ் ஒன்று, காலடியில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கதிர்வேலு ஐயாவோ கமலா அம்மாவோ, பெயர் சொல்லி, “பத்து நிமிஷம் மட்டும் படுத்துப் பாருங்க” என்று கேட்டால் அரை மணி படுப்பார்கள்.

ஸ்டீராய்டு தொடங்கிய நோயாளிக்கு சர்க்கரை ஏறும். 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை பயமுறுத்தியபோதுதான் பல வார்டுகளில் சர்க்கரை சார்ட் ஒழுங்காக ஆரம்பித்தது. மருந்து தொடங்கும் நாளிலேயே சார்ட்டும் தொடங்கட்டும்.

படி 7: ஹேண்ட்ஓவர், போன், நகை

உள்ளே எழுதிய தாள் வெளியே வராது. ஆகவே உள்ளே ஒருவர் கண்ணாடிச் சன்னல் வழியாகக் காட்ட, வெளியே ஒருவர் எழுத வேண்டும், அல்லது உள்ளேயே இருக்கும் ஒரு போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எழுதும் வரிசையை மாற்றாதீர்கள்: படுக்கை எண், பெயர், வயது, ஆக்சிஜன் அளவு எவ்வளவு ஓட்டத்தில், கடந்த டூட்டியில் மாறியது என்ன, அடுத்த டூட்டி செய்ய வேண்டியது என்ன. “பேஷண்ட் ஸ்டேபிள்” என்று எழுதினால் எதையும் எழுதவில்லை என்றுதான் பொருள்.

வீட்டுக்காரர்களின் போன்தான் செவிலியரை அதிகம் களைக்க வைத்தது. அட்டெண்டர் உள்ளே இல்லை. வாசலில் நிற்பவருக்கு எதுவும் தெரியவில்லை. கோபம் நம் மீதுதான் பாயும். இதற்கு ஒரே வழி நேரம் குறிப்பது. தினம் மாலை நான்கு முதல் ஐந்து வரை வார்டிலிருந்து நாமே கூப்பிடுவோம் என்று சேர்க்கும்போதே சொல்லி, குடும்பத்தில் ஒருவர் எண்ணை மட்டும் வாங்குங்கள். சொன்ன நேரத்தில் கூப்பிட வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் முப்பது போன் வரும்.

நகையைச் சேர்க்கும்போதே எழுதுங்கள். தாலி, மெட்டி, கம்மல், செல்போன், கைப்பணம். வீட்டாரிடம் அப்போதே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதே நல்லது. கழற்ற மறுத்தால் அதையும் எழுதி, இரண்டு செவிலியர்கள் கையெழுத்திடுங்கள். “மஞ்சள் நிற உலோகச் சங்கிலி” என்றே எழுதுங்கள், “தங்கச் சங்கிலி” என்று வேண்டாம். உரசிப் பார்ப்பது நம் வேலை அல்ல.

இறப்பு நேர்ந்தால், உடலை மூடும் பையின் முகப்பகுதி ஜிப்பை ஊழியர்கள் பாதுகாப்போடு திறந்து உறவினர் கடைசியாக முகம் பார்க்க, 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே அனுமதித்தது. பயத்தில் அதையும் மறுத்த இடங்கள் இருந்தன. அடுத்த முறை அப்படி நடக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். கைப்பட்டை, பையின் மேல் அட்டை, பதிவேடு மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எண் இருக்கிறதா என்று இரண்டு பேர் படித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

படி 8: டூட்டி லிஸ்ட்

இந்திய நர்சிங் கவுன்சில் ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு டூட்டியிலும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது. பெருந்தொற்றில் அது நடக்காது என்று நமக்குத் தெரியும். ஆகவே குழுவாகப் பிரியுங்கள்: ஐ.சி.யூ. அனுபவம் உள்ள ஒருவர் தலைமையில் பொது வார்டுச் செவிலியர்கள் மூன்று பேர். வென்டிலேட்டர், மருந்து பம்ப் எல்லாம் அந்த ஒருவர். மருந்து கொடுப்பது, புரட்டுவது, வாய் சுத்தம், பதிவு மற்றவர்கள். புதியவர்களை மட்டும் இரவில் போடாதீர்கள். பத்துப் பேர் தேவை என்றால் பதிமூன்று பேர் கணக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது வாரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வரும்.

உள்ளே நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிட்டோடு யாரும் நிற்கக்கூடாது. மாற்றுகிறவர் வந்து கிட் போட்டு முடித்த பிறகே உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பதால் லிஸ்டில் அந்த அரைமணியையும் டூட்டியாகவே எழுதுங்கள்.

ஒப்பந்தச் செவிலியர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் படியை முடிக்க முடியாது. 2020-ல் கோவிட்டுக்காக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியாக அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. வென்டிலேட்டரும் ஹை ஃப்ளோவும் கழற்றும் வரிசையும் கற்றவர்கள் அவர்கள். அந்தப் பயிற்சி அவர்களோடு வெளியே போய்விட்டது. தயார்நிலை என்று எவ்வளவு பேசினாலும், பழகிய கைகளை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் வார்டு அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாருக்கு எது தெரியும் என்று ஒரு பட்டியல் வைத்து, ஆள் மாறும்போதெல்லாம் அதைத் திருத்துங்கள். போனவர் இடத்தில் எந்தத் திறமை இல்லாமல் போனது என்று கண்ணுக்குத் தெரியும்.

படி 9: கண்ணில் பட்டதை எழுதிக் கொடுங்கள்

2003-ல் கனடாவின் டொராண்டோவில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று பரவியது. தொற்று அடங்கிவிட்டது என்று மே மாதத்தில் பாதுகாப்பைத் தளர்த்தினார்கள். ஒரு மருத்துவமனையில் செவிலியர்கள், நோயாளிகளிடம் மறுபடி அதே அறிகுறிகள் தெரிகின்றன என்று சொன்னார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்தே இரண்டாவது அலை கிளம்பியது. அந்த நகரத்தில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் உயிரிழந்தார்கள். பின்னர் விசாரணை நடத்திய சார்ஸ் கமிஷன், அறிவியல் முழுதாக நிரூபிக்கும் வரை காத்திருக்காமல் பணியாளர் பாதுகாப்பை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும் என்றது.

நம்மிடம் சொல்வதற்குத் தயக்கம் அதிகம். சொன்னால் டிரான்ஸ்ஃபர், மெமோ என்று பயம். ஆகவே குறை சொல்வது போல எழுதாமல் பதிவு போல எழுதுங்கள். தேதி, நேரம், எண்ணிக்கை, நோயாளிக்கு என்ன ஆபத்து, என்ன வேண்டும். “மாஸ்க் இல்லாமல் கஷ்டப்படுகிறோம்” என்று எழுதினால் பதில் வராது. “இன்று காலை 8 மணிக்கு என்95 இருப்பு 12. இந்த டூட்டிக்குத் தேவை 18. இரவுக்கு இருப்பு இல்லை” என்று எழுதினால் படித்தவருக்குப் பொறுப்பு வந்துவிடும். இன்சார்ஜ் சிஸ்டர் வழியாக நர்சிங் சூப்பிரண்டென்டுக்கு, நகலில் வாங்கியவர் கையெழுத்தோடு. வார்டில் ஒரு நோட்டும் வையுங்கள். மூன்று நாளில் ஒரே மாதிரி அறிகுறியோடு மூன்று பேர் வந்தால் அந்த நோட்டில்தான் முதலில் தெரியும்.

அடி வாங்கினாலும் எழுதுங்கள். 2020-ல் தொற்றுநோய்கள் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, தொற்றுக் காலத்தில் சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு. சாதாரணக் காலத்துக்குத் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகார் எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டுமே பயன்படாது.

தூக்கம் வராமல், வார்டு மானிட்டர் சத்தம் வீட்டிலும் கேட்கிற மாதிரி இருந்தால் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. டூட்டி முடிந்து கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கும் வார்டுகள் அந்தக் காலத்தை ஓரளவு நன்றாகத் தாண்டின என்பது என் கணிப்பு. அந்தப் பத்து நிமிடத்தை வெட்டியாக நினைக்கும் இன்சார்ஜ்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

படி 10: ஒத்திகை

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். ஆனால் பகல் பதினொரு மணிக்கு எல்லா அதிகாரிகளும் நிற்க, போட்டோ எடுத்து நடத்தும் ஒத்திகையில் எதுவும் தெரியவராது. இரவு இரண்டு மணிக்கு, இருக்கும் இரண்டு செவிலியர்களையும் ஒரு வார்டு பாயையும் வைத்து நடத்துங்கள். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். சந்தேகத்துக்குரிய காய்ச்சல் நோயாளி ஒருவர் வாசலில் வந்தால் தனியறைக்குப் போக எத்தனை நிமிடம். ஜம்போ சிலிண்டரை மாற்ற ஸ்பேனர் எங்கே, யாருக்கு மாற்றத் தெரியும், எத்தனை நிமிடம். கிட் கழற்றும்போது கையுறையின் வெளிப்பக்கம் வெறும் தோலில் பட்டதா.

கடைசியைப் பார்க்கக் கையுறை மீது கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவிவிடுங்கள். கழற்றி முடித்ததும் மணிக்கட்டில், கழுத்தில், காதோரத்தில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். யாரையும் திட்ட வேண்டாம். ஒட்டிய இடத்தை எழுதி, கழற்றும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்பேனரை அன்று இரவே சிலிண்டர் டிராலியில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அடுத்த ஒத்திகைத் தேதியை டூட்டி லிஸ்டின் அடியில் எழுதிவிடுங்கள்.